வரி முடியும் இடம்

கொட்டாஞ்சேனை
2024 ஜூன் 3

ரஜனி அக்காவுக்கு,

கிருபாகரன் எழுதுகிறேன். உங்கள் தங்கச்சி நிருஷாவைக் கட்டியவன். பதினைந்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதனால் யாரென்று சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து எனக்குப் போன் பண்ண வேண்டாம். பெப்ரவரியில் அவளின் சாவு வீட்டில் நீங்கள் யாரையோ "தேத்தண்ணி குடிச்சனீங்களோ" என்று கேட்டீர்கள். பெட்டிக்குள் கிடந்தவளே எழும்பிக் கேட்டது போல இருந்தது. அக்கா தங்கச்சி இருவருக்கும் ஒரே குரல் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் டைப் செய்து எழுதினால் என் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும். அதில் பேசுகிற பெண்ணின் குரல் உங்களைப் போல இல்லை, யாரைப் போலவும் இல்லை. எனக்கு அது போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். நிருஷா நான்கு கொப்பி நிறையக் கவிதை எழுதி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வாசித்துக் காட்டுவாள். வாசித்துக்கொண்டே வருகிறவள் திடீரென்று நிறுத்துவாள். பக்கம் புரளும் சத்தம் கேட்கும். பிறகு வேறு ஒன்றைத் தொடங்குவாள். "என்னத்த விட்ட?" என்று கேட்பேன். "ஒண்டும் இல்ல, அது சரியா வரேல்ல" என்பாள்.

அவள் விட்டதை எல்லாம் நான் வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பெண் வாசித்துக் கேட்க அல்ல, அவள் வரி வரியாக எழுதியதை வரி வரியாக என் விரலால் தடவி வாசிக்க. அதற்கு இவற்றை யாராவது டைப் செய்து, பிரெயிலுக்கு மாற்றும் மென்பொருளில் போட வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். எழுத்து விளங்கவில்லை என்று இரண்டே நாளில் திருப்பித் தந்துவிட்டது. சின்ன வயதில் நிருஷாவின் கொப்பிகளை நீங்கள்தான் திருத்துவீர்களாம். தன் கிறுக்கலை வாசிக்க ரஜனி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அவசரம் என்னவென்றால், எனக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி கூடி இடது கை விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ, தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்கிறார்.

தெமட்டகொடையில் கண் தெரியாத எங்கள் ஆட்களுக்காக ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது. அங்கே இப்திகார் என்று ஒருவர் பிரெயில் பிரிண்டரைப் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் சரி என்றால் மென்பொருளை அவர் அனுப்புவார். கொப்பிகளைப் பதிவுத் தபாலில் போடுகிறேன்.

முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

கிருபாகரன்


வெள்ளவத்தை
2024 யூன் 14

திரு. கிருபாகரன் அவர்களுக்கு,

கொப்பிகள் நான்கும் பத்திரமாகக் கிடைத்தன. நான்காவதில் முன் அட்டை இல்லை. அது வரும்போதே இல்லை என்பதைக் குறிப்பிட்டு வைக்கிறேன்.

நான் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்கள் டைப் செய்கிறவள். கவிதை எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய எழுத்துத் தெரியும். ஆறாம் வகுப்பில் எழுதியது போலவேதான் கடைசி வரைக்கும் எழுதியிருக்கிறாள். எத்தனை தரம் குட்டு வாங்கினாலும் ர-வையும் ந-வையும் ஒரே மாதிரித்தான் போடுவாள்.

செய்கிறேன். அவளுக்காகச் செய்கிறேன், உங்களுக்காக அல்ல. இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கண் தெரியாதவர், தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து ஆள் என்று அப்பா சொன்ன இரண்டு காரணத்தையும் அந்தக் காலத்தில் நானும் மறுத்துக் கதைக்கவில்லை. இப்போது அவரும் இல்லை, அவளும் இல்லை. என்ன கோபம் என்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனாலும் பழகிய கோபம் லேசில் விடாது.

முதல் பன்னிரண்டு கவிதைகளை இப்திகாருக்கு அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ச. ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 ஜூலை 2

அக்கா,

தாள்கள் வந்தன. கோபிக்க வேண்டாம், கவிதை எங்கே? முதல் பக்கத்தில் விரலை வைத்தால் கடைசிப் பக்கம் வரைக்கும் பத்திரிகைச் செய்தி மாதிரி ஒரே ஓட்டமாக ஓடுகிறது. எந்த வரி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்தில் மழையும் மீன்காரனும் ஒன்றாக வருகிறார்கள். அது ஒரு கவிதையா, இரண்டா?

இப்திகாரிடம் கேட்டேன். "ரஜனி மிஸ் எல்லாத்துக்கும் பத்திக் குறிதான் போட்டு அனுப்பியிருக்காங்க, நான் என்ன செய்யட்டும்" என்றார். அந்த மென்பொருளுக்குக் கண் இல்லை, என்னைப் போல. நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'வரி' என்று ஒரு குறி, பின்னால் அதை மூட ஒரு குறி. அந்த வரிகளை எல்லாம் சேர்த்துக் கட்ட 'கவிதை' என்று ஒரு குறி. அவள் உள்ளே தள்ளி எழுதியிருந்தால் எத்தனை படி உள்ளே என்று அதையும் குறிக்குள்ளேயே எழுத வேண்டும். இடைவெளிப் பட்டனைத் தட்டித் தள்ளினால் அது குப்பை என்று நினைத்துக் கூட்டி எறிந்துவிடும்.

உங்களுக்கு வேலை கூடுகிறது. தெரியும். ஆனால் எனக்கு இருப்பது ஒரு விரல்.

கிருபாகரன்


வெள்ளவத்தை
2024 யூலை 9

திரு. கிருபாகரன் அவர்களுக்கு,

நான் தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் வரிகளைச் சேர்த்தேன்.

உறுதி எழுதும்போது வரியின் முடிவில் வெற்றிடம் விடக்கூடாது. விட்டால் பிறகு யாராவது ஒரு சொல்லை நுழைத்துவிடுவான், காணி கைமாறிவிடும். தவிர்க்க முடியாமல் வெற்றிடம் வந்தால் கோடு போட்டு அடைத்துவிடுவோம். முப்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். அவளுடைய கொப்பியில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அவ்வளவு வெறுமை கிடந்தது. பார்க்கவே எனக்கு என்னவோ செய்தது. கை தன்பாட்டில் சேர்த்துவிட்டது.

இப்போது எல்லாவற்றையும் பிரித்து வரிக் குறி போடுகிறேன். பன்னிரண்டும் முடிந்து, அடுத்த இருபதும் முடிந்தது. மழையும் மீன்காரனும் ஒரே கவிதைதான்.

ச. ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 ஆகஸ்ட் 11

அக்கா,

இப்போது கவிதை மாதிரி இருக்கிறது. நேற்று முழுக்க வாசித்தேன். விரல் சீக்கிரம் களைத்துப்போகிறது. அரை மணித்தியாலம் வாசித்தால் அரை மணித்தியாலம் வெந்நீரில் கை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் இருந்தால் "போதும், கைய எடுங்கோ" என்று சொல்லியிருப்பாள்.

ஒரே ஒரு சந்தேகம். பிரெயில் தாளில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்துக்குத்தான் இடம். தமிழில் சொல் நீளம், நாற்பது எந்த மூலைக்கு? மிச்சம் அடுத்த வரிக்கு விழுகிறது, இரண்டு இடம் உள்ளே தள்ளி. அவளும் சில வரிகளை இரண்டு இடம் உள்ளே தள்ளித்தான் எழுதியிருக்கிறாள். இரண்டும் என் விரலுக்கு ஒன்றுதான். இந்த இடத்தில் அவள் வேண்டுமென்றே நிறுத்தினாளா, இல்லை தாளில் இடம் முடிந்துவிட்டதா? ஒவ்வொரு தள்ளலிலும் விரல் நின்று நின்று கேட்கிறது.

வேறு யாருக்கும் இது சின்ன விஷயம். அவள் என்னோடு பேசும்போதும் அப்படித்தான். பாதியில் நிறுத்துவாள். யோசிக்கிறாளா, சொல்ல விருப்பமில்லையா, அடுப்பில் ஏதாவது பொங்குகிறதா என்று எனக்கு முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பதினைந்து வருஷமும் ஊகித்தே ஓட்டினேன். தாளிலாவது ஊகிக்காமல் வாசிக்க வேண்டும் என்று ஆசை.

கிருபாகரன்


வெள்ளவத்தை
2024 செப்டெம்பர் 5

தம்பி கிருபாகரன்,

வழி கிடைத்துவிட்டது. மூன்று நாள் மண்டையை உடைத்தேன். இப்திகாரும் சேர்ந்து உடைத்தார். ஒரு கவிதையில் அவள் எத்தனை படி உள்ளே தள்ளியிருக்கிறாள் என்று தொடக்கத்தில் போடும் 'கவிதை' என்ற குறியிலேயே சொல்லிவிட்டால், இடமில்லாமல் விழுகிற மிச்சம் எல்லாம் அவற்றுக்கும் உள்ளே, ஆகக் கடைசிப் படியில் போய் விழும். இனி விரல் ஆக உள்ளே போனால் அது தாளின் குற்றம். அதற்கு முன்னால் நின்றால் அவள் வேண்டுமென்று நின்ற இடம். நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை.

கொப்பி மூன்றும் முடிந்தது. வேலைக்குப் போய் வந்து தேத்தண்ணியும் குடிக்காமல் இதற்கு முன்னால்தான் இருக்கிறேன். ஒரு கவிதையில் எங்கள் வீட்டுக் கிணற்றுக் கட்டில் எனக்குப் பல் உடைந்ததை எழுதியிருக்கிறாள். அவள்தான் தள்ளிவிட்டவள். எழுதும்போது நானாக வழுக்கி விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறாள், கள்ளி. தனியே இருந்து சிரித்தேன். பிறகு அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் கொப்பியில் ஒன்பது கவிதைகள்தான் இருக்கின்றன. இந்த மாதம் முடித்துவிடுவேன். விரலைக் கவனமாக வைத்திருங்கள்.

அக்கா ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 ஒக்டோபர் 20

அக்கா,

நான்காம் கொப்பி வந்தது. உள் தள்ளல் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஒரு தடவைகூட விரல் தடுமாறவில்லை. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஆறாவது கவிதை. அதன் முதல் நாலு வரி எனக்குப் பாடம், அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தது:

பல் டொக்டரிடம் போவதாகச் சொன்னேன்
பல் வலிக்கவில்லை
பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில்
என் பை உட்கார்ந்திருந்தது

அதோடு நிறுத்தி, பக்கத்தைப் புரட்டினாள். "எங்க போன?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். "கவிதையில போனன்" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

உங்கள் தாளிலும் அந்த நாலு வரிதான் இருக்கிறது. நாலு வரிக்கு ஒரு பக்கம் புரட்ட வேண்டியதில்லை. மிச்சத்தை அவள் எழுதவில்லையா, நீங்கள் போடவில்லையா?

உங்களைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் புத்தகமே அவள் விட்ட இடங்களுக்காகத்தான். சீக்கிரம் எழுதுங்கள். விரல் நுனி இந்த வாரம் பஞ்சு வைத்தது மாதிரி இருக்கிறது.

கிருபாகரன்


வெள்ளவத்தை
2024 நவெம்பர் 12

தம்பி,

மூன்று கிழமையாக எழுதி எழுதி அழித்தேன்.

அவள் எழுதியிருக்கிறாள். அந்த நாலு வரிக்குக் கீழே இன்னும் பதினொரு வரி இருக்கிறது. நான்தான் போடவில்லை. அழிக்கவும் இல்லை. மென்பொருளில் டைப் செய்கிறவர் தனக்கென்று குறிப்பு எழுதி வைக்க ஓர் அடைப்புக் குறி இருக்கிறது. அதற்குள் இருப்பதைப் பிரிண்டர் கண்டுகொள்ளாது. பதினொரு வரியையும் அதற்குள் போட்டேன். கோப்பில் இருக்கும், தாளில் வராது. உறுதி எழுதுகிறவளுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

உங்களுக்கு நோகும் என்றுதான் மறைத்தேன் என்று இரண்டு கடிதத்தில் எழுதிப் பார்த்தேன். பொய். அந்த வரிகளில் நானும் இருக்கிறேன்.

2017 புரட்டாதியில் ஒரு நாள், மழை. நிருஷா எங்கள் வீட்டு வாசல் கேற்றுக்கு வந்தாள். மணியை இரண்டு தரம் அடித்தாள். நான் மேல்மாடி யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா உள்ளே படுத்திருந்தார். அவருக்குக் கேட்கும் என்றுதான் இறங்கவில்லை என்று ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்கு அப்போது காதும் சரியாகக் கேட்காது. எட்டு வருடமாக வராதவள் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். நான் இறங்கி வர அவள் போய்விட்டாள். சீலை ஆடினதை அவள் கண்டிருக்கிறாள். எழுதியிருக்கிறாள்.

மற்றதை நான் சொல்லக்கூடாது. அவள் உங்களுக்கு எழுதியதோ, தனக்கு எழுதியதோ, எனக்குத் தெரியாது. நீங்களே வாசியுங்கள். அடைப்பை எடுத்துவிட்டேன். இன்றைக்கே இப்திகாருக்கு அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரஜனி


கொட்டாஞ்சேனை
2024 டிசம்பர் 8

அக்கா,

தாள்கள் கிடைத்தன. இரண்டு தடவை வாசித்தேன். உள் தள்ளல் சரி, வரிகள் சரி, பிழை ஒன்றும் இல்லை. பதினொரு வரியும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நன்றாக எழுதியிருக்கிறாள். மறைக்காமல் அனுப்பியதற்கு நன்றி.

கேட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை.

இதையே கடைசித் தாளாக வைத்து மூன்று பிரதி அடிக்கச் சொல்லுங்கள். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று தெமட்டகொடை அச்சுக்கூடத்து நூலகத்துக்கு. உங்களுக்குப் பிரெயில் தெரியாது, இருந்தாலும் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருபாகரன்


வெள்ளவத்தை
2025 சனவரி 16

தம்பி,

நேற்று இப்திகார் என்னைக் கூப்பிட்டார். மூன்று பிரதி அடிக்க முன்னம் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். "மிஸ், நவம்பர்ல அனுப்பின கோப்புல மொழி மாறி இருக்கு, அன்றைக்கு நான் பார்க்காம அடிச்சிட்டேன்" என்றார்.

பிழை என்னுடையது. அன்று அவசரத்தில், எந்த மொழிக்கு மாற்றுவது என்று கேட்கிற இடத்தில் தமிழுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த சிங்களத்தைத் தொட்டிருக்கிறேன். தமிழ் எழுத்து ஒன்றும் அதற்குப் புரியவில்லை. புரியாத எழுத்துக்கு எல்லாம் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் இலக்கத்தை அடித்துத் தள்ளியிருக்கிறது. பக்கம் பக்கமாக இலக்கம். தம்பி, அந்தத் தாள்களில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை.

நீங்கள் இரண்டு தரம் வாசித்தேன் என்று எழுதினீர்கள். பிழை இல்லை என்று எழுதினீர்கள்.

நீங்கள் பிழை சொல்லாத கடிதம் அது ஒன்றுதான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மன்னித்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் நான் வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

எப்போதிலிருந்து? ஏன் சொல்லவில்லை?

சரியான தாள்களை இப்திகார் இன்று அனுப்புகிறார். அவற்றை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்திலேயே அந்தப் பதினொரு வரியையும் எழுதலாம், உங்கள் கம்ப்யூட்டர் வாசிக்கும். கேளாமல் எழுதமாட்டேன். இல்லையென்றால் நான் வருகிறேன். ஓட்டோ பிடித்தால் முக்கால் மணித்தியாலம். பக்கத்தில் இருந்து, அவள் நிறுத்தின இடத்தில் நிறுத்தி, நான் வாசிக்கிறேன். என் குரல் உங்களுக்கு என்ன செய்யும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


கொட்டாஞ்சேனை
2025 பெப்ரவரி 2

அக்கா,

பொய் சொன்னேன். கேட்டைப் பற்றிய உங்கள் கடிதம் வந்த கிழமையே விரல் போய்விட்டது. ஒரு காலை எழும்பிச் சட்டைப் பட்டனைத் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் வேலையை நிறுத்தியிருப்பீர்கள், கடிதமும் நின்றிருக்கும். இந்தக் கொழும்பில் நிருஷாவைப் பற்றி எழுதுகிற ஒரே ஆள் நீங்கள்தான். கிணற்றுக் கட்டில் பல் உடைந்த கதையை எனக்கு வேறு யார் சொல்வது?

புதுத் தாள்கள் வந்தன. பள்ளிக்கூடத்தில் எங்களோடு இருந்த ஒரு அண்ணன் கை வெந்துபோன பிறகு உதட்டால் வாசிப்பார். சின்ன வயதில் நாங்கள் அவரைக் கேலி பண்ணுவோம். கதவைப் பூட்டிக்கொண்டு அதைச் செய்து பார்த்தேன். ஆறாவது கவிதை. எனக்குப் பாடமான நாலு வரியையும் வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது வரிக்கு வந்தேன். மூன்று சொல் வந்தது. "பைக்குள் மூன்று சேலை." அதற்குள் தாள் எச்சிலில் ஊறி, புள்ளிகள் படுத்துவிட்டன. மிச்சம் எல்லாம் வழுவழுவென்று இருக்கிறது.

பல் டாக்டரிடம் போக மூன்று சேலை எதற்கு?

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் நனைந்துபோய் வந்தாள். "டொக்டர் இல்ல" என்றாள். வரும் வழியில் முட்டைக் கொத்து ரொட்டி வாங்கி வந்திருந்தாள். நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். அவள் அதிகம் பேசவில்லை. பல் வலி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆறரை வருஷம் என்னோடு இருந்தாள்.

இப்போது எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அவள் என்னிடம் திரும்பி வந்தாளா, இல்லை நீங்கள் கேட்டைத் திறக்காததால் வந்தாளா? திறந்திருந்தால் அந்த ஆறரை வருஷமும் எனக்கு இல்லை. அப்படியென்றால் நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வர வேண்டாம் அக்கா. அந்தப் பதினொரு வரியை உங்கள் குரலில் கேட்டால், அவளே என் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பது? கடிதத்திலும் எழுத வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டர் பெண் கரண்ட் பில்லையும் அதே குரலில்தான் வாசிக்கிறாள்.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்ததை, கொத்துக் கடையை, என்னை, ஏதாவது ஒன்றை அந்தக் கவிதையில் அவள் எழுதியிருக்கிறாளா? இல்லையென்றால், எழுதுவதற்குள் தாளில் இடம் முடிந்துவிட்டதா? கொப்பியைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். இடம் இல்லாமல்தான் நின்றது என்றால் எனக்கு அது போதும்.

கிருபாகரன்


வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 9

தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்த நேரத்திலிருந்து கொப்பி என் மடியில் இருக்கிறது.

இடம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். அவள் கையெழுத்தில் ஒரு வரியைச் சேர்க்கவும் எனக்குத் தெரியும், உங்களால் கண்டுபிடிக்க ஏலாது. நேற்றுப் பேனையைக்கூட எடுத்தேன். பத்து வயதிலிருந்து அவளுடைய கொப்பியைத் திருத்தின கை இது. ஒரு தரம் மறைத்தும் விட்டது. இனி அதில் கை வைக்கமாட்டேன்.

கொப்பித் தாளில் இருபத்தேழு கோடு இருக்கிறது. அவள் எழுதியது பதினைந்தில். கீழே பன்னிரண்டு கோடு வெறுமையாகக் கிடக்கிறது. பின்பக்கத்தையும் பார்த்தேன், அதுவும் வெறுமை. மூன்று தரம் எண்ணினேன்.

இடம் இருந்தது தம்பி. கடைசி வரி கேற்றில் முடிகிறது.

அக்கா